குவாதலூப்: கோல்ஃபுக்கும் நண்பர் வீட்டுக்கும் பத்து நாளை எப்படிப் பிரிப்பது?

காரை_தபால்:

வணக்கம். நான் காரைக்கால்காரன். இப்போது பாரிஸ் பக்கம் செர்ஜியில் இருக்கிறேன். பிப்ரவரியில் நானும் மனைவியும் பத்து நாள், கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்குப் போகிறோம். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மற்றதெல்லாம் குழப்பம்.

தபால் பிரிப்பு நிலையத்தில் 22 வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர். குவாதலூப்பில் சேன்-ஃபிரான்சுவா என்ற ஊர். 1979-இல், 19 வயதில், புமிதோம் என்ற அரசு அமைப்பு வழியாகப் பாரிசுக்கு வேலைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் அந்தத் தீவுகளிலிருந்து தபால் துறைக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆட்களை அப்படித்தான் அழைத்துவந்தார்கள். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவருடைய பெயர்ப் பட்டையைப் பார்த்து நின்றுவிட்டேன். பிரெஞ்சு எழுத்தில் நீட்டி எழுதியிருந்தாலும் அது என் தாத்தாவின் பெயரேதான். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அன்றைக்கு மதியம் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் ஓய்வு பெறும் வரை அப்படியே தொடர்ந்தது. இப்போது ஊருக்கே திரும்பிப்போய், பழைய வீட்டைச் செப்பனிட்டு இருக்கிறார்.

இன்னொரு பக்கம் கோல்ஃப். ஆறு வருடமாக ஆடுகிறேன், ஹேண்டிகேப் 23, அதாவது சுமாரான ஆட்டக்காரன். சேன்-ஃபிரான்சுவாவில் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் வடிவமைத்த 18 குழி மைதானம் இருக்கிறது, அந்தத் தீவிலேயே 18 குழி மைதானம் அது ஒன்றுதான். நண்பர் ஊரின் பெயரை மேப்பில் தேடியபோது பச்சைப் பச்சையாக அது தெரிந்தது. அதிலிருந்து மனசு அங்கேயேதான். மனைவி ஆடமாட்டாள். அவளுக்குக் கடலும் கோயிலும் போதும்.

பக்கத்திலேயே நீச்சல்குளத்தோடு ஒரு ரிசார்ட்டில் பத்து இரவும் தங்கலாம் என்று பார்த்துவைத்தேன். நண்பரிடம் போனில் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எனக்கு வீடு இருக்கிறதே" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அவர் வீட்டிலேயே தங்கினால் தினமும் காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது மரியாதையாக இருக்காது. ரிசார்ட்டில் தங்கினால் அவர் மனசு நோகும். இப்படிப் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் மைத்துனரும் காரைக்காலிலிருந்து ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எங்களிடம் வந்திருப்பார், அவரையும் கூட்டிப்போகலாமா என்றும் தெரிய வேண்டும்.


லியோன்_பச்சை:

மைதானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு முறை ஆடியிருக்கிறேன். தரை பெரும்பாலும் சமம், ஏறி இறங்கி மூச்சு வாங்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரும் காற்றும் உண்டு. கிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று அங்கே கிட்டத்தட்ட தினமும் அடிக்கும், அதிலும் பகல் ஏற ஏற வலுக்கும். எதிர்க்காற்றில் 7-ஆம் நம்பர் இரும்பு மட்டையை எடுக்கும் இடத்தில் 5-ஐ எடுங்கள், பந்தைத் தாழ்வாக விடுங்கள். உயரத் தூக்கினால் ஏரிக்குத்தான் போகும். பழைய பந்துகள் ஒரு இரண்டு டஜன் கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் விலை அதிகம்.

பிரெஞ்சு கோல்ஃப் கூட்டமைப்பின் லைசென்ஸ் அட்டையைக் கையில் வையுங்கள். ஊராட்சிக்குச் சொந்தமான மைதானம்தான், மிரட்டும் கிளப் இல்லை. முன்பதிவுக்கு நேரடியாகப் போன் செய்துவிடுங்கள், எந்தக் குழியாவது பராமரிப்பில் இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்கள். விமானத்தில் கோல்ஃப் பைக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். கடைசி நாளில் செய்தால் இடம் கிடைக்காமல் போகலாம்.

ஒரு சின்ன சுவாரசியம். மைதானத்தை ஒட்டி அந்தக் காலத்தில் இருந்த ஹாமாக் ஹோட்டலில்தான் 1979 ஜனவரியில் அமெரிக்காவின் கார்ட்டர், பிரான்சின் ஜிஸ்கார், மேற்கு ஜெர்மனியின் ஷ்மித், பிரிட்டனின் கலஹன் என்று நான்கு தலைவர்களும் கூடி ஈரான் மன்னர் ஷாவின் கதி உட்பட உலக நிலவரம் பேசினார்கள். உங்கள் நண்பர் கிளம்பிவந்த அதே வருடம்.


புதுவைக்காரி:

அண்ணா, வணக்கம். உங்கள் பதிவைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் பாரிஸ் பக்கம் கிரெத்தெயில் நர்ஸ். எனக்கும் கோல்ஃப் உண்டு, எனக்கும் அங்கே ஒரு வீடு உண்டு. வார்டில் என்னோடு 14 வருடம் இரவு டியூட்டி பார்த்த தோழிக்கு லெ மூல் ஊர், உங்கள் நண்பர் ஊருக்குக் காரில் இருபது நிமிடம்.

2019-இல் முதல் தடவை போனபோது, நீங்கள் இப்போது யோசிப்பதைத்தான் நான் செய்தேன். எட்டு இரவும் ரிசார்ட். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் தோழியின் அம்மா வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. அந்த அம்மாவுக்கு அப்போது 78 வயது. வெள்ளிக்கிழமையே சமையலைத் தொடங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஆட்டுக்கறி கொலொம்போ (அங்கத்து மசாலாக் குழம்பு), நண்டு, பச்சை வாழைக்காய், முள்ளங்கி போட்ட பருப்பு. எனக்கு மூன்று மணிக்கு டீ டைம், அதாவது மைதானத்தில் ஆட்டம் தொடங்கப் பதிவு செய்த நேரம். சாப்பிடும்போது இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். அதை அந்த அம்மா கவனித்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் மீதியை ஒரு டப்பாவில் அடைத்து என் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் அறையில் அந்த டப்பாவைத் திறக்கவே எனக்கு மனசு வரவில்லை. இன்னும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

2023 மார்ச்சில் திரும்பப் போனபோது மாற்றிச் செய்தேன். முதல் நான்கு நாள் கோல்ஃப், அதற்கு அப்புறம் கடைசி வரை தோழியின் வீடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள் அண்ணா. காரணம் இருக்கிறது. பிப்ரவரியில் பாரிசுக்கும் அங்கேயும் ஐந்து மணி நேர வித்தியாசம். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டரை மணி நேரம் பறந்து இறங்கினால், முதல் நாட்களில் விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் தூக்கம் கலைந்துவிடும். ஆறரைக்குத்தான் வெளிச்சம் வரும். ஏழு மணிக்கு முதல் குழியில் நின்றால் காற்று இன்னும் ஏறியிருக்காது, வெயிலும் இருக்காது, பதினொன்றுக்குள் 18 குழியும் முடிந்துவிடும். ஊர் நேரம் உடம்புக்குப் பழகிய பிறகு அந்த விடியற்காலை வராது. அப்போது உங்களுக்குத் தேவை ராத்திரி பத்து மணி வரை முற்றத்தில் உட்கார்ந்து பேசுவதுதான்.

நண்பரிடம் இப்போதே போன் செய்து வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "முதல் நான்கு நாள் உன் ஊர்ப் புல்லில் பந்து அடிக்கிறேன், அதற்குப் பிறகு பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன், திரும்பிப் போகும் நாள் உன் வீட்டிலிருந்துதான் கிளம்புவேன்" என்று சொல்லுங்கள். அவர் கேட்க விரும்புவது கடைசிப் பகுதியைத்தான் என்று நினைக்கிறேன். அங்கே விருந்தாளி வீட்டு வாசலிலிருந்து கிளம்பினால்தான் வழியனுப்பிய நிறைவு.

முதல் நான்கு நாளும் அவரை ஒதுக்க வேண்டாம். இது எனக்குத் தற்செயலாகத் தெரிந்த விஷயம். தோழியின் அண்ணன் சேன்-ஃபிரான்சுவாவில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். 60 வயதைத் தாண்டியவர். அந்த மைதானத்தைச் சுற்றிய ரோட்டில் வாழ்நாள் முழுக்கப் போய்வந்தவர், உள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லை. நான் இரண்டாம் நாள் கூப்பிட்டேன். தயங்கினார், பிறகு துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். ஒன்பது குழியும் என்னோடு நடந்தார். காற்று எந்த நேரம் திரும்பும் என்று அவருக்குத்தான் தெரிந்தது. "இப்போது அடிக்காதே, இந்த மேகம் தாண்டட்டும்" என்பார். நான் நின்றேன், காற்று அடங்கியது, அடித்தேன், பந்து குழியைச் சுற்றிய கிரீன் புல்லில் விழுந்தது. எட்டாவது குழியில் புட்டரை, பந்தைக் குழிக்குள் தட்டும் மட்டையை, அவர் கையில் கொடுத்தேன். மூன்று தடவை தட்டிக் குழியில் போட்டார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொன்ன விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த வீட்டில் கோல்ஃப் என்பது என்னைப் பறித்துக்கொண்டு போகும் விஷயமாக இல்லை. உங்கள் நண்பரையும் ஒரு காலை அழைத்துப்பாருங்கள். ஆடாமல் கூட நடப்பவரை அனுமதிப்பார்களா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அனுமதித்தார்கள்.

கார் நீங்களே வாடகைக்கு எடுங்கள், முதல் நாளிலிருந்தே. நண்பர் "என் வண்டி இருக்கிறது" என்பார். ஒத்துக்கொண்டால் பத்து நாளும் அவர் உங்களுக்கு டிரைவர் ஆகிவிடுவார். வலது பக்க ஓட்டம்தான், பாரிஸ் டிரைவிங் லைசென்ஸ் போதும். பிப்ரவரி கடைசியில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் லெ மூலில் இருக்கும் கார்தெல் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். பொறுமையாகப் பின்னால் போங்கள். கார்னிவல் நாட்களையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறுகளில் ஊர்வலம். சாம்பல் புதனன்று கறுப்பு வெள்ளை உடுத்தி வாவால் என்ற பொம்மையை எரித்து முடிப்பார்கள். அந்தச் செவ்வாயும் புதனும் கடை எதுவும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த இரண்டு நாளும் நண்பரோடு தெருவில் நில்லுங்கள்.

அண்ணிக்குக் கோயில் என்றீர்கள். கபெஸ்தேர் பக்கம் ஷாஞ்சியில் நெடுஞ்சாலை ஓரமாகவே கோபுரத்தோடு கோயில் இருக்கிறது. ஆனால் என் மனசில் நின்றது சேன்-ஃபிரான்சுவாவில் ரெய்சேன் கிளேர் கடற்கரையை ஒட்டி இருக்கும் இந்துக்களின் கல்லறைத் தோட்டம். மணல், அலைச் சத்தம், சிலுவை இல்லாத சமாதிகள். 1854 டிசம்பர் 24-ஆம் தேதி ஒரேலி என்ற கப்பல் வந்து சேர்ந்தது, அதிலிருந்து 1889 வரை ஏறக்குறைய 42,000 பேரைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து ஏறியவர்கள் அதில் நிறைய. நம் பக்கத்துப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் கல்லில் இருக்கின்றன. என் தோழி ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் தமிழில் எப்படிச் சொல்வது என்று சொன்னேன். அவள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நீங்களும் உங்கள் நண்பரோடு அங்கே போங்கள். உங்கள் தாத்தா பெயரும் அவர் பெயரும் ஒன்று என்கிறீர்களே.

அங்கே மாரியம்மனை மலியெமேன் என்பார்கள், பூசாரியைப் பூசாரி என்றேதான் சொல்வார்கள். பாகற்காய்க்குப் பவோக்கா என்று பெயர். கொலொம்போ என்பது நம் குழம்புதான் என்று அங்கே நிறையப் பேர் சொல்கிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த பொடி. அதில் மிளகாய் சேராது, காரத்துக்குத் தனியாக ஒரு பச்சை மிளகாயை முழுசாகக் கறியில் போட்டு உடையாமல் எடுத்துவிடுவார்கள். அண்ணி அதைக் கரண்டியால் நசுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் மிளகாயைப் போலப் பல மடங்கு காரம்.

இன்னும் இரண்டு. கடற்கரையில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்த மரம் இருந்தால் அதன் கீழே உட்காராதீர்கள், மழைக்குக்கூட ஒதுங்காதீர்கள். மான்சனீயே மரம், பால் பட்டால் தோல் வெந்துவிடும். பச்சை ஆப்பிள் போலக் காய் கிடக்கும், தொடவே கூடாது. மற்றது கிழங்கு விஷயம். சந்தையில் தோழி ஒவ்வொரு கிழங்கும் எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்டுத்தான் வாங்குவாள். வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தை அடித்திருக்கிறார்கள், தீவின் மேற்குப் பாதியான பாஸ்-தேர் பக்கத்து மண்ணில் அது இன்னும் போகவில்லை. யாராவது அன்பாகக் கொடுத்தால் நண்பரிடம் காட்டிவிட்டுச் சமையுங்கள்.


வில்லியனூர்:

மைத்துனர் விஷயத்துக்கு மட்டும் பதில். சாதாரண ஷெங்கன் விசாவில் குவாதலூப் போக முடியாது. அது பிரான்சுதான், ஐரோப்பிய ஒன்றியம்தான், யூரோதான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிக்கான விசா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஓர்லியில் விமானம் ஏறும் இடத்திலேயே பார்ப்பார்கள், என் சித்தப்பாவை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் மனைவி இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தாலும், பிரான்சில் கொடுத்த குடியிருப்பு அட்டை செல்லுபடியாக இருந்தால் பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட், அட்டை இரண்டையும் கையில் வையுங்கள்.


காரை_தபால்:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, உங்கள் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். டப்பா பகுதி வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

மைத்துனர் அடுத்த தடவை வரட்டும், விசாவுக்கு இனி நேரம் இல்லை. ரிசார்ட்டை நான்கு இரவாகக் குறைத்துவிட்டேன். நேற்று நண்பருக்குப் போன் செய்து, நீங்கள் சொன்னபடியே சொன்னேன். கிளம்பும் நாள் அவர் வீட்டிலிருந்து என்றதும், அப்படியானால் தன் அக்காவையும் கபெஸ்தேரிலிருந்து வரச் சொல்வதாகச் சொன்னார். மைதானத்தில் கூட நடக்க வருவாரா என்று கேட்டேன். முட்டி வலிக்கிறது, ஆனாலும் வருவேன் என்றார். மைதானத்துக்குள் ஓட்டும் கோல்ஃப் வண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. அக்காவுக்கு வயது 70-க்கு மேல். வீட்டில் ஒரு சின்ன மாரியம்மன் வைத்துக் கும்பிடுகிறாராம். என்ன வாங்கிப்போகலாம்? மனைவி கறிவேப்பிலைச் செடி என்கிறாள்.


புதுவைக்காரி:

செடி வேண்டாம் அண்ணா. பாரிசிலிருந்து போனாலும் செடி, விதை, பழம் எதையும் அங்கே எடுத்துப்போக விடமாட்டார்கள். தாவர நோய் பரவும் என்று கட்டுப்பாடு. தவிர, நம் பாட்டிகள் கொண்டுபோன மரங்களே அங்கே முற்றத்து முற்றம் நிற்கின்றன.

பாரிசில் நம் ஆட்கள் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் கடைத்தெருவில் சாம்பிராணி, மஞ்சள், குங்குமம், ஒரு சின்னப் பித்தளை விளக்கு வாங்குங்கள். திரி நிறைய வாங்குங்கள், அங்கே அதுதான் கிடைப்பதில்லை என்று என் தோழியின் அம்மா சொன்னார். சூடத்தைக் கைப்பையில் வைக்க முடியுமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், எரியும் பொருள். புடவை கொடுத்தால் மஞ்சளோ சிவப்போ எடுங்கள், பூசைக்கு உடுத்துவார்கள். கூடவே அண்ணி அரை நாள் அங்கே இருந்து புடவை கட்டவும் சொல்லிக்கொடுக்கட்டும். நான் கட்டிவிட்டபோது அந்த அம்மா கண்ணாடி முன்னால் நின்று, தன் பாட்டி இப்படித்தான் முந்தானையை இழுத்துச் செருகுவாள் என்று இடுப்பில் கைவைத்துக் காட்டினார். நான் செருகியது தப்பு, அவர் காட்டியதுதான் சரி. எங்கள் வில்லியனூர் பக்கத்துப் பாட்டிகள் வயலுக்குப் போகும்போது செருகுவது அதே மாதிரிதான்.